அழற்சி மறைத்த கெரட்டோசிஸ்ட்: ஒரு தாடை நீர்க்கட்டியின் உட்படலத்தில் புரதக் குறியீடுகளை வாசித்த விதம்

பின்னணி

நோயாளி 34 வயது ஆண். புகையிலைப் பழக்கம் இல்லை, சர்க்கரை நோய் இல்லை. இடது கீழ்த்தாடையின் பின்பகுதியில் மந்தமான வலி சில மாதங்களாக இருந்தது. கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் ஈறிலிருந்து அவ்வப்போது உப்பு கரிக்கும், துர்நாற்றமுள்ள திரவம் கசிந்தது. உள்ளூர்ப் பல் மருத்துவமனையில் ஞானப்பல்லைச் சுற்றிய தொற்று என்று இரண்டு முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கசிவு நிற்பதும் திரும்புவதுமாக இருந்ததால் ஓபிஜி (முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கப்பட்டது.

படத்தில், 37-ஆம் பல்லின் (இரண்டாம் கடைவாய்ப்பல்) பின்புறம் தொடங்கி ரேமஸ் (தாடையின் செங்குத்தான பின்பகுதி) முழுவதும் ஏறி, அதன் மேல்விளிம்பிலுள்ள சிக்மாய்ட் பள்ளத்துக்குச் சற்றுக் கீழே முடியும் கருநிழல் தெரிந்தது. ஓரம் தெளிவாகவும் லேசாக அலையலையாகவும் இருந்தது. முளைக்காத 38-ஆம் பல் (ஞானப்பல்) தாடையின் கீழ்விளிம்பு வரை தள்ளப்பட்டிருந்தது. இவ்வளவு பெரிய குழி இருந்தும் முகத்தில் வீக்கம் இல்லை. கன்னப் பக்க எலும்பும் நாக்குப் பக்க எலும்பும் பெரிதாகப் புடைக்கவில்லை. கெரட்டோசிஸ்ட் (உட்படலத்தில் கெரட்டின் என்ற கடினப் புரத அடுக்கு உருவாகும் பல்சார் நீர்க்கட்டி) எலும்பின் மஜ்ஜைப் பகுதி வழியே முன்பின்னாக நீளும், பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. ஆகவே படமே ஒரு திசையைக் காட்டியது. கீழுதட்டில் உணர்ச்சி இயல்பாக இருந்தது. 36, 37 இரண்டு பற்களும் உயிர்ப்புச் சோதனைக்குச் சரியாகப் பதிலளித்தன.

முதல் பயாப்ஸியும் அதன் அறிக்கையும்

கசிவு இருந்த இடத்திலேயே சிறு துண்டு எடுக்கப்பட்டது. அதில் எலும்புச் சில்லு ஒட்டியிருந்தது. வெளி ஆய்வகத்தில் எலும்பைப் பிரிக்காமல் துண்டை முழுதாக நைட்ரிக் அமிலத்தில் சுண்ணாம்பு நீக்கி, பிறகு பாரஃபின் பிளாக் (திசுவைப் பதித்த மெழுகுக் கட்டி) செய்தார்கள். அறிக்கை இப்படி வந்தது: “அழற்சியுற்ற பல்சார் நீர்க்கட்டி. அடித்தளச் செல்கள் பெருகியுள்ளன. லேசான டிஸ்பிளேசியாவை விலக்க முடியவில்லை.”

டிஸ்பிளேசியா என்பது புற்றுக்கு முன்னோடியாகக்கூடிய செல் மாற்றம். அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் நோயாளி பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தார். கூட வந்த மனைவியின் கேள்வி ஒன்றுதான்: “டாக்டர், இது புற்றுநோயா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.” தாடை நீர்க்கட்டியின் உட்படலத்தில் புற்று உருவாவது அரிது என்றாலும் நடப்பதுதான். பல்லை எடுத்த பிறகு எலும்பில் எஞ்சிய கட்டிகள், முளைக்காத பல்லைச் சுற்றிய கட்டிகள், கெரட்டோசிஸ்ட் ஆகிய மூன்றிலும் அது பதிவாகியுள்ளது. அதனால் அந்த வரியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது, அதை நம்பித் தாடையை வெட்டவும் முடியாது.

ஸ்லைடுகளை மறுபடி பார்த்தபோது கண்டவை

வெளி ஆய்வகத்தின் ஸ்லைடும் பிளாக்கும் வரவழைக்கப்பட்டன. ஹீமடாக்சிலின்–இயோசின் (எச் அண்ட் இ) சாயத்தில் உட்படலத்தின் பெரும்பகுதி தடித்து, கெரட்டின் இல்லாமல், வலைபோலப் பின்னிய வேர்களைக் கீழ்நோக்கி இறக்கியிருந்தது. அதற்குள் நியூட்ரோஃபில்கள் என்ற அழற்சி வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. சுவரில் லிம்போசைட், பிளாஸ்மா செல், கொலஸ்ட்ரால் பிளவுகள். இதை மட்டும் பார்த்தால் எந்த வகைக் கட்டி என்று சொல்ல வழியில்லை, அழற்சி எல்லா வகைக் கட்டியின் உட்படலத்தையும் இந்த ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

ஓரத்தில் மட்டும் ஒரு குட்டையான நீளம் வேறுமாதிரி இருந்தது. ஐந்து முதல் எட்டு செல் வரிசை, மேற்பரப்பில் நெளிநெளியான பாராகெரட்டின் (உட்கரு எஞ்சிய கெரட்டின் அடுக்கு), அடியில் தட்டையான எல்லை, அடித்தளச் செல்கள் வேலிக்கால் போல வரிசையாக நிற்பது. இந்த நான்கும் சேர்ந்தால் அது கெரட்டோசிஸ்ட். ஆனால் அந்த நீளம் மிகச் சிறியது, வெட்டும் சாய்வாக விழுந்திருந்தது.

டிஸ்பிளேசியா என்று சொல்லவைத்த பகுதியில் உட்கருக்கள் கறுத்தும் பிசுபிசுத்தும் தெரிந்தன. மேலே போகப்போகச் செல்கள் ஒழுங்காக முதிர்ந்தன. இயல்பற்ற செல்பிரிவு ஒன்றுகூட இல்லை. அமிலத்தில் அதிக நேரம் கிடந்த திசுவில் உட்கரு ஹீமடாக்சிலினைச் சரியாக ஏற்காது, விவரம் அழிந்துவிடும். அப்படிப்பட்ட உட்கருவை வைத்து டிஸ்பிளேசியா உண்டு என்றோ இல்லை என்றோ எழுதுவது நியாயமில்லை.

முதல் சுற்று: எதுவும் சாயம் ஏறவில்லை

அதே பிளாக்கிலிருந்து கேஐ-67 (பெருகும் செல்களின் உட்கருவில் தெரியும் புரதம்), பி53 (புற்றைத் தடுக்கும் புரதம்) இரண்டையும் பழுப்பாகக் காட்டும் ஆன்டிபாடி சாயங்கள் போடப்பட்டன. இரண்டு ஸ்லைடும் வெறும் நீலமாக வந்தன. சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடவே ஓடிய டான்சில் கட்டுப்பாட்டுத் துண்டில், செல்கள் வேகமாகப் பெருகும் லிம்ஃப் மையங்கள் அடர்பழுப்பாகத் தெரிந்தன. ஆக, ஆன்டிபாடியிலும் வினைப்பொருளிலும் குறை இல்லை.

இங்கேதான் பலர் “கேஐ-67 எதிர்மறை, செல் பெருக்கம் இல்லை” என்று எழுதிவிடுவார்கள். நோயாளியின் துண்டுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்பதை மறந்தால் அப்படித்தான் ஆகும். அழற்சி நிறைந்த சுவரில் பிரியும் லிம்போசைட்டுகளும், புதிதாக முளைக்கும் ரத்தக்குழாய்ச் செல்களும் கட்டாயம் சில இருக்கும். அவற்றில் ஒன்றுகூட கேஐ-67 ஏற்கவில்லை என்றால் அந்தத் திசுவில் புரதமே வாசிக்க முடியாத நிலையில் இருக்கிறது என்று பொருள். நைட்ரிக் அமிலம் கேஐ-67-ஐப் பிடிக்கும் இடத்தைச் சிதைப்பது நன்கு அறிந்த விஷயம். அறிக்கையில் “மதிப்பிட இயலவில்லை, சுண்ணாம்பு நீக்கம் காரணம்” என்று மட்டும் பதிவானது. அந்த பிளாக்கில் மேலும் ஆன்டிபாடிகளைச் செலவழிப்பதில்லை என்றும் முடிவானது.

இரண்டாம் பயாப்ஸி: எடுத்த முடிவும் காரணமும்

மறுபடி பயாப்ஸிக்காக மட்டும் ஒரு முறை, கட்டியின் உள்ளழுத்தத்தைக் குறைத்து அதைச் சுருங்கவைக்கும் குழாய் வைக்க இன்னொரு முறை என்று நோயாளியைப் பிரித்து அழைக்கத் தேவையில்லை. கட்டியின் அளவும், கீழுதட்டு நரம்பு ஓடும் எலும்புக் கால்வாயை அது ஒட்டியிருந்ததும், எப்படியும் முதலில் அழுத்தம் குறைப்பதையே கோரின. சிபிசிடியில் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன்) கால்வாயின் மேற்கூரை பல இடங்களில் தெரியவில்லை. அதனால் ஒரே அமர்வில் மூன்று வேலைகள் திட்டமிடப்பட்டன: திரவம் உறிஞ்சுதல், இரண்டு இடங்களில் திசு எடுத்தல், குழாய் பொருத்துதல்.

18 கேஜ் ஊசியில் கெட்டியான, வெளிர்மஞ்சள் திரவம் வந்தது. மெல்லிய ஊசி போட்டிருந்தால் கெரட்டின் அடைத்து, கட்டி திடப்பொருள் என்ற தவறான எண்ணம் வந்திருக்கும். ஸ்மியரில் கெரட்டின் செதில்கள் தெரிந்தன. திரவத்தின் மொத்தப் புரதம் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே இருந்தது. 1970-இல் டோலர் முன்வைத்த இந்த எல்லை இன்றும் மலிவான, பயனுள்ள சோதனை: கெரட்டோசிஸ்ட்டின் திரவத்தில் கரைந்த புரதம் 4-க்குக் கீழே, மற்ற பல்சார் கட்டிகளில் பெரும்பாலும் 5-க்கு மேலே. அழற்சி கசிவைக் கூட்டிப் புரத அளவை உயர்த்தும், ஆதலால் தொற்றுள்ள கட்டியில் உயர்ந்த எண் கெரட்டோசிஸ்ட்டை விலக்காது. இந்த நோயாளிக்கு அழற்சி இருந்தும் எண் தாழ்ந்தே இருந்ததால் அதன் மதிப்பு கூடியது.

திசு எடுத்த இடங்களில் முதலாவது கசிவு வாயின் அருகே. இரண்டாவது, குழாய்க்காக எலும்பில் திறந்த ஜன்னல் வழியே ஃபோர்செப்ஸை நுழைத்து, தொற்று எட்டாத ரேமஸின் மேல்பகுதியில். இரண்டும் தனித்தனி டப்பாவில், திசுவின் அளவைப்போல் பத்து மடங்குக்கும் கூடுதலான 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடப்பட்டன. எலும்புச் சில்லுகள் மூன்றாவது டப்பாவில் தனியே. மெல்லிய உட்படலம் ஃபார்மலினில் விழுந்ததும் சுருண்டுகொள்ளும், பிறகு எந்தப் பக்கம் வெட்டினாலும் சாய்வாகவே விழும். அதைத் தவிர்க்கத் துண்டுகளை வடிதாளில் சுவர்ப்பக்கம் கீழாக விரித்து, ஒரு நிமிடம் ஒட்டவிட்டு, தாளோடு சேர்த்து மூழ்கடித்தார்கள். 24 மணி நேரம் கழித்து நீளப்பட்டைகளாக வெட்டி, விளிம்பு நிமிர்ந்து நிற்கும்படி பிளாக்கில் பதித்தார்கள். எலும்புச் சில்லுகள் மட்டும், சுண்ணாம்பை மென்மையாக நீக்கும் 10% இடிடிஏ கரைசலில், பிஎச் 7.4-இல் வைக்கப்பட்டன. நாள் கூடுதலாகும், ஆனால் புரதம் தப்பும்.

இரண்டாம் சுற்று: செய்முறை

3 மைக்ரான் வெட்டுகள், ஒட்டுத்திறன் ஏற்றிய ஸ்லைடுகள், 60° செல்சியஸில் ஒரு மணி நேரம். சைலீன், படிப்படியாக நீர்த்த ஆல்கஹால், பிறகு தண்ணீர். ஃபார்மலின் மறைத்த புரதத்தை மீண்டும் வெளிக்கொணர ட்ரிஸ்–இடிடிஏ கரைசல், பிஎச் 9.0, பிரஷர் குக்கரில் முழு அழுத்தம் வந்தபின் 3 நிமிடம். அதே கரைசலில் 20 நிமிடம் ஆறவிடுவது முக்கியம், சூட்டோடு எடுத்தால் கட்டிச் சுவரின் தளர்ந்த திசு ஸ்லைடிலிருந்து உரிந்து மிதக்கும். 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். முதல் ஆன்டிபாடி ஒரு மணி நேரம், அறை வெப்பத்தில். ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும் பாலிமர்–எச்ஆர்பி, பழுப்பு நிறம் தரும் டிஏபி, இறுதியில் எதிர்ச்சாயமாக மெல்லிய நீல ஹீமடாக்சிலின். எதிர்ச்சாயம் அடர்த்தியானால் வெளிர் பி53 மறைந்துவிடும்.

போட்டவை ஆறு: கேஐ-67, பி53, பிசிஎல்-2 (செல் இறப்பைத் தடுக்கும் புரதம்), சைட்டோகெரட்டின் 10, சைட்டோகெரட்டின் 17 (இரண்டும் எபிதீலியம் எனப்படும் உட்படலச் செல்களின் இழைப் புரதங்கள்), கால்ரெட்டினின் (அமீலோபிளாஸ்டோமா என்ற தாடைக் கழலையில் தெரியும் புரதம்). கட்டுப்பாட்டுக்கு டான்சில், தோல், குடல்வால். டான்சிலில் பிசிஎல்-2 லிம்ஃப் மையத்தில் ஏறாமல் அதைச் சுற்றிய வளையத்தில் ஏறவேண்டும். மையமும் பழுப்பானால் ஆன்டிபாடி செறிவு மிகை. தோலின் மேலடுக்குகளில் சைட்டோகெரட்டின் 10, குடல்வாலின் நரம்புச் செல்களில் கால்ரெட்டினின். முதல் ஆன்டிபாடி இல்லாத வெற்று ஸ்லைடு ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒன்று.

அந்த வெற்று ஸ்லைடு இந்த நோயாளியின் விஷயத்தில் உடனே பயன்பட்டது. கசிவு வாயருகே எடுத்த துண்டில் சுவரெங்கும் பழுப்புத் துகள்கள் இருந்தன, வெற்று ஸ்லைடிலும் அதே இடத்தில் இருந்தன. பழைய ரத்தக்கசிவு விட்டுப்போன ஹீமோசிடரின் அது. டிஏபியின் பழுப்போடு அதைக் குழப்பிக்கொள்வது அழற்சிக் கட்டிகளில் அடிக்கடி நடக்கிறது.

அடுக்கு அடுக்காக வாசித்தது

எண்ணும் முறைதான் இந்த ஆய்வின் மையம். ஒரு ஸ்லைடுக்கு ஒரு சதவீதம் என்று எழுதாமல், அழற்சியற்ற பகுதி, அழற்சிப் பகுதி என்று முதலில் எச் அண்ட் இ ஸ்லைடில் மையால் எல்லை போடப்பட்டது. ஒவ்வொன்றிலும் அடித்தள வரிசையும் அதற்கு மேலுள்ள வரிசைகளும் தனித்தனியே எண்ணப்பட்டன. வெட்டு சாய்ந்த இடங்கள் விலக்கப்பட்டன. அங்கே அடித்தளச் செல் மேலே இருப்பதுபோலத் தெரியும், கணக்கு முழுக்கப் பிழையாகும். எண்ணியது இருவர், தனித்தனியாக.

ரேமஸின் மேல்பகுதித் துண்டில் கெரட்டோசிஸ்ட்டின் தோற்றம் முழுமையாக இருந்தது. கேஐ-67 ஏறிய உட்கருக்கள் அடித்தள வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதற்கு நேர்மேலே உள்ள இரண்டு வரிசைகளில் அடர்த்தியாக. இந்த இடமாற்றம் கெரட்டோசிஸ்ட்டின் அடையாளம். முளைக்காத பல்லைச் சுற்றிய கட்டியிலும் வேர்முனைக் கட்டியிலும் பெருக்கம் குறைவு, இருப்பதும் பெரும்பாலும் அடித்தளத்திலேயே நிற்கும். பிசிஎல்-2 அடித்தள வரிசையில் தொடர்ச்சியாக ஏறியது. சைட்டோகெரட்டின் 10 மேலடுக்குகளில், சைட்டோகெரட்டின் 17 அடித்தளத்துக்கு மேலே முழுவதும். பி53 அடித்தளத்திலும் அதையடுத்தும் சிதறலாக, ஒரு செல்லில் வெளிராக, அடுத்ததில் சற்று அடர்த்தியாக.

கசிவு வாயருகே எடுத்த துண்டில் படம் மாறியது. கேஐ-67 பட்டை அகன்று கீழிரண்டு மூன்று வரிசைகளையும் வேர்களின் நுனிகளையும் நிரப்பியது. மொத்த எண்ணிக்கை மேல்பகுதியைவிடக் கூடுதல். அதை மட்டும் சதவீதமாக எழுதியிருந்தால் “அதிகப் பெருக்கம், டிஸ்பிளேசியாவுக்குச் சாதகம்” என்று யாரும் வாசித்திருப்பார்கள். ஆனால் மேல் பாதியில் ஒரு உட்கருவும் ஏறவில்லை, பெருக்கம் கீழேயே அடங்கியிருந்தது. பி53 தொடர்ச்சியான அடர்பட்டையாக இல்லை, முற்றிலும் காணாமலும் போகவில்லை. மரபணு பிறழ்ந்ததைச் சந்தேகிக்கவைக்கும் தோற்றங்களில் முக்கியமானவை அந்த இரண்டும். கெரட்டோசிஸ்ட்டில் பி53 புரதம் மற்றக் கட்டிகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே தெரியும். அதனால் சிதறல் சாயத்தை வைத்துப் புற்று என்ற பேச்சை எடுக்கக்கூடாது.

பிசிஎல்-2 இந்தத் துண்டில் ஏமாற்றப் பார்த்தது. உட்படலத்துக்குள் பழுப்புச் செல்கள் நிறைய. உயர் உருப்பெருக்கத்தில் அவை உட்படலத்துக்குள் ஊடுருவிய லிம்போசைட்டுகள் என்று தெரிந்தது, அவை இயல்பிலேயே பிசிஎல்-2 ஏற்பவை. சைட்டோகெரட்டின் 10 இங்கே முற்றிலும் இல்லை. சைட்டோகெரட்டின் 17 இருந்தது, ஆனால் காயம்பட்ட எந்த எபிதீலியமும் அதை உருவாக்கும் என்பதால் அழற்சிப் பகுதியில் அதற்கு எடை கொடுக்கப்படவில்லை. இரண்டு துண்டிலும் கால்ரெட்டினின் ஏறவில்லை. ஒற்றைக்குழி அமீலோபிளாஸ்டோமாவுக்கான செல் அமைப்பும் எச் அண்ட் இ-யில் இல்லை.

முடிவு: அழற்சியால் மாறிய ஓடொன்டோஜெனிக் கெரட்டோசிஸ்ட். டிஸ்பிளேசியா இல்லை. அழற்சிப் பகுதியின் உட்கரு மாற்றம் எதிர்வினை மட்டுமே. உலக சுகாதார நிறுவனம் 2005-இல் இதைக் கழலை என்ற பெயருக்கு மாற்றி, 2017-இல் மீண்டும் நீர்க்கட்டி வரிசைக்கே கொண்டுவந்தது. பழைய அறிக்கைகளில் கழலை என்ற சொல்லைப் பார்க்கும் நோயாளிகள் பயப்படுகிறார்கள், அதனால் இந்தப் பெயர் மாற்றத்தை நோயாளிக்கும் மனைவிக்கும் நேரில் விளக்கினார்கள்.

கார்லின் நோய்க்குறி (பல கெரட்டோசிஸ்ட்டுகளை உண்டாக்கும் பரம்பரை நோய்) இருக்கிறதா என்றும் பார்க்கப்பட்டது. மற்றத் தாடைப் பகுதிகளில் கட்டி இல்லை, உள்ளங்கைக் குழிகள் இல்லை, மார்பு எக்ஸ்ரேயில் விலா எலும்புகள் இயல்பு, குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

சிகிச்சையும் தொடர்ந்ததும்

குழாய் வழியே தினம் இரண்டு வேளை 20 மி.லி. சலைன் கொண்டு கழுவ நோயாளிக்குக் கற்றுத்தரப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஓபிஜி. பத்தாவது மாதத்தில் குழி பாதிக்கும் கீழே சுருங்கியது, நரம்புக் கால்வாய்க்கும் கட்டிக்கும் இடையே புதிய எலும்பு தெரிந்தது. பிறகு முழு மயக்கத்தில் கட்டி உரித்தெடுக்கப்பட்டது, 38-ஆம் பல்லும் உடன். சுற்றெலும்பு 1 முதல் 2 மி.மீ. வரை பர் என்ற சுழலும் கருவியால் சீவப்பட்டது. மேலே ஒட்டியிருந்த சளிச்சவ்வும் வெட்டப்பட்டது, அதில் எபிதீலியத் தீவுகள் தங்குவதுண்டு. எஞ்சிய செல்களை அழிக்க, மாற்றிய கார்னாய் கரைசல் (ஆல்கஹால் 6 மி.லி., கிளேசியல் அசிட்டிக் அமிலம் 1 மி.லி., ஃபெரிக் குளோரைடு 1 கிராம், குளோரோஃபார்ம் இல்லாமல்) நரம்புப் பக்கம் வாஸலின் காஸால் காத்து 3 நிமிடம் வைக்கப்பட்டது.

எடுத்த கட்டியின் உட்படலம் பெரும்பாலும் வாய்ச்சவ்வு போலத் தடித்து, கெரட்டின் இழந்திருந்தது. சைட்டோகெரட்டின் 10 இல்லை, கேஐ-67 குறைந்து கீழ் வரிசைகளுக்கு இறங்கியிருந்தது. அழுத்தம் குறைத்தபின் இந்த மாற்றம் எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் ரேமஸின் உச்சியில் ஒரு பட்டை பழைய பாராகெரட்டின் தோற்றத்தோடும், அடித்தளத்துக்கு மேலே கேஐ-67 அடர்த்தியோடும் அப்படியே இருந்தது. சுவரில் இரண்டு சேய்க்கட்டிகளும் கிடைத்தன. உட்படலம் “மாறிவிட்டது” என்ற நம்பிக்கையில் எலும்பைச் சீவாமல் விட்டிருந்தால் திரும்ப வளர இவை போதும். இறுதி அறிக்கையின் தலைப்பில் கெரட்டோசிஸ்ட் என்ற பெயர் தக்கவைக்கப்பட்டது. “கெரட்டின் இல்லாத நீர்க்கட்டி” என்று எழுதினால் அடுத்த மருத்துவர் தொடர்கண்காணிப்பை நிறுத்திவிடுவார்.

அறுவைக்குப் பிறகு வந்த கீழுதட்டு மரமரப்பு ஆறு வாரத்தில் நீங்கியது. 37-ஆம் பல் காப்பாற்றப்பட்டது. மூன்றாம் ஆண்டு ஓபிஜியில் எலும்பு நிரம்பியிருந்தது, மறுவளர்ச்சி இல்லை. முதல் ஐந்து ஆண்டு வருடாந்திரப் படமும், பிறகு இரண்டு ஆண்டுக்கொன்றும் என்று திட்டம். பத்தாண்டு கழித்தும் கெரட்டோசிஸ்ட் திரும்புவதுண்டு.

மாற்றியவை, மாற்றவேண்டியவை

திசு அனுப்பும் படிவத்தில் இரண்டு வரிகள் சேர்ந்தன: எந்த இடத்திலிருந்து எடுத்தது, கசிவு வாயிலிருந்து எவ்வளவு தூரம். எலும்பும் மென்திசுவும் ஒரே டப்பாவில் வந்தால் ஆய்வகம் முதலில் பிரித்துவிடுகிறது. சுண்ணாம்பு நீக்கிய பிளாக்கின் எண்ணோடு எந்தக் கரைசல், எத்தனை மணி நேரம் என்பதும் எழுதப்படுகிறது. வெளி ஆய்வகங்களிலிருந்து வரும் பிளாக்குகளில் இந்தத் தகவல் இன்னும் வருவதில்லை. ஆகவே அவற்றில் கேஐ-67 போடும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறார்கள். பதில் நைட்ரிக் அமிலம் என்றால் புதுத் துண்டு கேட்கப்படுகிறது.

செலவும் ஒரு கேள்விதான். ஆறு ஆன்டிபாடிகளும் எல்லா நோயாளிக்கும் தேவையில்லை. மேல்பகுதித் துண்டு முதலிலேயே கிடைத்திருந்தால் எச் அண்ட் இ மட்டுமே கெரட்டோசிஸ்ட் என்று சொல்லியிருக்கும். டிஸ்பிளேசியா சந்தேகத்தைத் தீர்க்க கேஐ-67-உம் பி53-உம் போதுமானவை. கால்ரெட்டினின் அமீலோபிளாஸ்டோமாவைப் பற்றிய உண்மையான ஐயம் இருக்கும்போது மட்டும். அறிக்கைப் படிவத்தில் சதவீதத்துக்கான ஒற்றைக் கட்டம் நீக்கப்பட்டு, “அழற்சியற்ற பகுதி: அடித்தளம் / மேலே; அழற்சிப் பகுதி: அடித்தளம் / மேலே; உட்கட்டுப்பாடு: ஏறியது / ஏறவில்லை” என்ற வரி வந்திருக்கிறது. உட்கட்டுப்பாட்டுக் கட்டம் நிரப்பப்படாத அறிக்கை கையெழுத்தாவதில்லை.